தீம் பார்க் வாயில் திறக்கும் வேளை: நெரிசலையும் நீண்ட வரிசையையும் சமாளிக்கும் வழிகாட்டி

காலை 9 மணிக்குத் திறக்கும் என்று அறிவித்திருந்த ஒரு பெரிய தீம் பார்க்குக்கு நான் முதன்முறையாகக் குடும்பத்துடன் போனபோது, வாகன நிறுத்தத்துக்குள் நுழைகையில் கடிகாரம் சரியாக 9 மணியைக் காட்டியது. நேரம் தவறாமல் வந்துவிட்டோம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். முதல் சவாரியில் நாங்கள் உட்கார்ந்தபோது மணி 11.20. வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருவதற்கு 25 நிமிடம், பைச் சோதனைக்கு 30 நிமிடம், இணையத்தில் வாங்கிய சீட்டு நுழைவுச்சீட்டே இல்லை, அது கவுண்டரில் கொடுத்து மாற்ற வேண்டிய ரசீது என்று தெரிந்து மீண்டும் ஒரு வரிசையில் நின்றதற்கு 35 நிமிடம், அதன்பின் சவாரி வரிசையில் 50 நிமிடம். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சிறிய தாமதம்தான். சேர்ந்தபோது அரை நாளின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன.

அடுத்த முறை அதே போன்ற கூட்டமுள்ள ஒரு நாளில் 10.30 மணிக்குள் நான்கு சவாரிகளை முடித்தோம். உடலை வருத்தி விடியலில் போய்க் கிடந்ததால் அது நடக்கவில்லை. அன்று காலைக்கு முன்பே செய்து முடித்த சில வேலைகளால்தான் நடந்தது. அந்த வேலைகளை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. 'திறக்கும் நேரம்' எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு தீம் பார்க்கில் காலையில் குறைந்தது நான்கு நேரங்கள் உண்டு. வாகன நிறுத்தம் திறக்கும் நேரம், பாதுகாப்புச் சோதனை தொடங்கும் நேரம், சுழல்வாயிலில் சீட்டைச் சரிபார்த்து உள்ளே விடும் நேரம், சவாரிகள் ஓடத் தொடங்கும் நேரம் என்பன அவை. அறிவிப்பில் போடுவது பெரும்பாலும் கடைசியானது அல்லது அதற்கு முந்தையது. சில இடங்களில் அறிவித்த நேரத்துக்கு அரை மணிக்கு முன்பே மக்களை உள்ளே விட்டு, நுழைவுத் தெருவின் முடிவில் ஒரு கயிற்றைக் கட்டி நிறுத்தி வைத்து, மணியடித்தாற்போல் அந்தக் கயிற்றை விலக்குவார்கள். வேறு சில இடங்களில் வாயிலே அந்த நேரத்துக்குத்தான் திறக்கும். சவாரிகள் அதன்பின் படிப்படியாக உயிர்பெறும்.

ஒசாகாவிலுள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பான் அறிவித்த நேரத்துக்கு முன்பே வாயிலைத் திறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அங்கே அறிவித்த நேரத்துக்குச் சரியாகப் போகிறவர், தாம் அறியாமலேயே தாமதமாக வந்தவராகிவிடுகிறார். இன்னொரு பக்கம், பூங்காவின் சொந்த விடுதிகளில் தங்குவோரை முன்கூட்டியே உள்ளே விடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இது 30 நிமிடம், டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டில் 15 நிமிடம். நீங்கள் விடுதியில் தங்காதவர் என்றால், வாயில் திறக்கும் கணத்தில் உங்களுக்கு முன்பே ஒரு கூட்டம் உள்ளே இருக்கிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த முன்நேரத்தில் எல்லாச் சவாரிகளும் ஓடுவதில்லை. எவை ஓடும் என்ற பட்டியலைப் பூங்காவின் இணையதளத்திலேயே வெளியிடுவார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத சவாரியை நோக்கிப் போனால், விடுதி விருந்தினருக்குக் கிடைக்கும் முன்னுரிமையால் உங்களுக்குப் பாதிப்பு அதிகம் இராது.

நீங்கள் போகும் நாளுக்கான நேரத்தை ஒரு வாரத்துக்கு முன்பு ஒருமுறையும், முந்தைய இரவில் மறுமுறையும் பாருங்கள். தனியார் நிகழ்ச்சி, கூட்ட நெரிசல், வானிலை ஆகியவற்றால் நேரம் மாறுவதுண்டு.

2. நாளைத் தேர்ந்தெடுக்க விலைப்பட்டியலைப் பயன்படுத்துங்கள்

பல பெரிய பூங்காக்கள் இப்போது நாளுக்கு நாள் வேறுபட்ட விலை வைத்திருக்கின்றன. இதைச் செலவுக் கணக்காக மட்டும் பார்ப்பது வீண். எந்த நாளில் எவ்வளவு கூட்டம் வரும் என்று பூங்காவே செய்திருக்கும் கணிப்பு அந்த விலையில்தான் வெளிப்படுகிறது. மிகக் குறைந்த விலையுள்ள நாளும் மிக அதிக விலையுள்ள நாளும் எவை என்று பார்த்து, உங்கள் பயணத் தேதிகளுக்குள் மலிவான நாளை எடுத்துக்கொண்டால் காசும் மிஞ்சும், வரிசையும் சுருங்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. கூட்டம் குறைவாக எதிர்பார்க்கப்படும் நாளில் பூங்கா குறைந்த நேரமே திறந்திருக்கும். சில சவாரிகளைப் பராமரிப்புக்காக மூடியும் வைத்திருப்பார்கள். நீங்கள் எதற்காகப் போகிறீர்களோ அந்தச் சவாரி அன்று மூடப்பட்டிருந்தால் மலிவான சீட்டால் பயனில்லை. மூடல் பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

3. சீட்டு, ஆவணம், உயரம் ஆகிய மூன்றையும் முன்பே முடியுங்கள்

என் முதல் அனுபவத்தில் 35 நிமிடத்தைத் தின்றது இந்தப் படிதான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

மூன்றாம் தரப்பு விற்பனையாளரிடம் வாங்கும்போது கைக்கு வருவது பல வேளைகளில் மாற்றுரசீதாகவே இருக்கும். அதைக் கவுண்டரில் காட்டி உண்மையான நுழைவுச்சீட்டாக மாற்ற வேண்டும். கவுண்டர் வரிசை காலையில் சுழல்வாயில் வரிசையைவிட மெதுவாக நகரும். ஏனென்றால் அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு சிக்கல் இருக்கிறது. வாங்குவதற்கு முன் 'நேரடியாக வாயிலில் ஸ்கேன் செய்யலாம்' என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எழுதியில்லை என்றால், சில ரூபாய் கூடுதலானாலும் பூங்காவிடமே வாங்குவது மேல். சில பூங்காக்களில் சீட்டு வாங்கியபின் வருகை நாளையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் வாயிலில் திருப்பியனுப்பப்பட்ட குடும்பத்தை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

சீட்டைப் பூங்காவின் செயலியில் இணைத்து, குடும்பத்தில் ஒருவருடைய கைப்பேசியிலேயே எல்லாருடைய சீட்டும் தெரியும்படி செய்யுங்கள். இன்னொருவரின் கைப்பேசியிலும் அதே கணக்கில் நுழைந்து வையுங்கள். வாயிலருகே ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் செயலியைத் திறப்பதால் அங்கே இணைய இணைப்பு தள்ளாடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லதுதான், ஆனால் சில செயலிகளில் குறியீடு சில வினாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அத்தகைய குறியீட்டின் படத்தைக் கருவி ஏற்காது. ஆகவே காகிதத்தில் அச்சிட அனுமதி உண்டென்றால் அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உடன் கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை: பெயர் பொறித்த சீட்டுக்கும் தள்ளுபடிச் சீட்டுக்கும் புகைப்பட அடையாளச் சான்று, குழந்தைக் கட்டணத்தில் வருகிறவருக்கு வயதுச் சான்று, சீட்டு வாங்கப் பயன்படுத்திய வங்கி அட்டை, முன்நுழைவு உரிமை உள்ளவருக்கு விடுதிப் பதிவின் உறுதிச்சீட்டு. உடல்நிலை காரணமாக நீண்ட நேரம் நிற்க இயலாதவருக்குப் பல பூங்காக்களில் தனி ஏற்பாடு உண்டு. சில இடங்களில் அதற்கு நாட்களுக்கு முன்பே காணொளி அழைப்பில் பேசிப் பதிவு செய்ய வேண்டும். வாயிலில் வந்து கேட்டால் முதல் மணிநேரம் அந்த அலுவலகத்திலேயே போய்விடும்.

பிறகு உயரம். குழந்தைகளை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். 102, 107, 112, 122 செ.மீ. ஆகியவை பரவலாக வழங்கும் வரம்புகள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் ஊழியர் விடமாட்டார். விடக்கூடாது என்பதும் சரியே. வரிசையின் வாசலில் ஒருமுறை, ஏறும் இடத்தில் மறுமுறை அளப்பார்கள் என்பதால், முதல் அளவில் எப்படியோ தப்பினாலும் 50 நிமிடம் நின்றபின் இரண்டாவதில் குழந்தை அழ நேரும். எட்டாத உயரமுள்ள குழந்தையோடு வருவோருக்குப் பல பூங்காக்களில் பெற்றோர் மாறிமாறி ஏறும் முறை உண்டு: ஒருவர் வரிசையில் நின்று ஏறி வந்தபின், குழந்தையைப் பார்த்துக்கொண்ட மற்றவர் மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். இதை வரிசைக்குள் போகும் முன்பே வாசல் ஊழியரிடம் சொல்ல வேண்டும். வெளியே வந்தபின் கேட்டால் கிடைக்காது.

4. முன்னுரிமைச் சீட்டுக்குப் பணம் கொடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்

கூடுதல் பணத்துக்கு வரிசையைத் தாண்ட விடும் சீட்டுகள் பலவகை. நாள் முழுதும் எல்லாச் சவாரிக்கும் செல்லுபடியாவது, ஒவ்வொரு சவாரிக்கும் தனியாக வாங்குவது, குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்பி வரச் சொல்வது என்று பிரியும். விலை நாளைப் பொறுத்து ஏறும், கூட்டமான நாளில் விற்றும் தீரும். சில நாட்களில் இதன் விலை நுழைவுச்சீட்டை எட்டிவிடுவதும் உண்டு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று.

என் கணிப்பு இதுதான்: வாயில் திறக்கும்போதே வர முடிந்தவருக்கும், இரண்டு நாட்கள் ஒதுக்கியவருக்கும் இந்தச் சீட்டு தேவைப்படாது. ஒரே ஒரு நாள் வைத்திருப்பவர், அதிலும் பகல் 11 மணிக்குமேல்தான் வந்துசேர முடியும் என்பவர், அல்லது விடுமுறைக் காலத்தின் உச்சத்தில் வருபவர் வாங்குவதில் நியாயம் உண்டு. வாங்குவதாக முடிவு செய்தால் விற்பனை எப்போது தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் பூங்கா விடுதியில் தங்குவோர் 7 நாட்களுக்கு முன்பும் மற்றவர் 3 நாட்களுக்கு முன்பும் பதிவு செய்யலாம். டோக்கியோவிலோ பூங்காவுக்குள் கால் வைத்த பிறகுதான் செயலியில் வாங்க முடியும். அப்படிப்பட்ட இடத்தில் சுழல்வாயிலைத் தாண்டியதும் ஒருவர் நடையைக் குறைத்து ஓரமாக நின்று கைப்பேசியில் வாங்க, மற்றவர்கள் முதல் சவாரியை நோக்கி நடப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

சீட்டு வாங்கியவர்கள் செய்யும் தவறு, காலையின் முதல் மணியிலேயே அதைச் செலவழிப்பது. அப்போது சாதாரண வரிசையே வேகமாக நகரும். சீட்டை 11 மணிக்குமேல் வைத்துக்கொண்டு, அது செல்லாத சவாரிகளைக் காலையில் முடியுங்கள்.

5. முதல் சவாரியைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலோர் மிகப் புகழ்பெற்ற சவாரியை நோக்கி நடக்கிறார்கள். அது சரியா தவறா என்பது, நீங்கள் கூட்டத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதற்கு ஒரு சிறு கணக்குப் போட வேண்டும்.

ஒரு வரிசையின் நீளம் கண்ணை ஏமாற்றும். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை, ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேரை அந்தச் சவாரி ஏற்றுகிறது என்பதால் வகுத்தால் கிடைப்பதே காத்திருக்கும் நேரம். 24 பேர் அமரும் ரோலர் கோஸ்டர் ரயில் 90 வினாடிக்கு ஒன்று புறப்பட்டால் மணிக்கு 40 ரயில், அதாவது 960 பேர். நிமிடத்துக்கு 16 பேர். முன்னால் 800 பேர் இருந்தால் 50 நிமிடம். இரண்டு பேர் அமரும் 16 வண்டிகள் கொண்ட சிறுவர் சுற்று ராட்டினத்தில், ஏற்றி இறக்கி ஓட்டி முடிக்க 4 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்: மணிக்கு 480 பேர்தான். அங்கே 200 பேர் நின்றாலே 25 நிமிடம் ஆகிவிடும், பார்ப்பதற்கு வரிசை குட்டையாகவே இருக்கும். மாறாக, நிற்காமல் ஊர்ந்துகொண்டே ஆட்களை ஏற்றும் வண்டித்தொடர்களும் பெரிய படகுச் சவாரிகளும் மணிக்கு 2000 பேரையும் கடந்து ஏற்றக்கூடியவை. அங்கே 500 பேரைக் கண்டு மலைக்க வேண்டாம். கால் மணிநேரத்தில் கரைந்துவிடும்.

இப்போது வாயில் திறக்கும் கணத்தை எண்ணிப் பாருங்கள். முதல் பத்து நிமிடத்தில் ஆயிரம் பேர் அந்த ரோலர் கோஸ்டரை வந்தடைகிறார்கள். அதற்குள் அது ஏற்றியிருப்பது 160 பேரை. முதலாமவர் நடந்தபடியே ஏறிவிடுகிறார். பத்தாம் நிமிடத்தில் வந்தவர் 50 நிமிடத்துக்கு மேல் நிற்கிறார், அதாவது நண்பகலில் வந்தவர் நிற்கக்கூடிய அளவுக்கே நிற்கிறார். விடியலில் எழுந்ததன் பயனெல்லாம் அந்த ஒரு வரிசையிலேயே தீர்ந்துபோகிறது. போதாக்குறைக்குக் காலையில் சில சவாரிகள் முழு எண்ணிக்கையிலான ரயில்களோடு தொடங்குவதில்லை. இரண்டுக்கு ஒன்று ஓடினால் காத்திருப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கயிற்றின் முன்னால், முதல் நூற்றைம்பது பேருக்குள் நிற்கிறீர்களானால் புகழ்பெற்ற சவாரிக்கே போங்கள். நடுவிலோ பின்னாலோ நிற்கிறீர்களானால் அதை அப்போதே மறந்துவிட்டு, இரண்டாம் நிலைப் புகழுள்ள, ஆனால் மெதுவாக ஆட்களை ஏற்றும் சவாரிகளுக்குப் போங்கள். எல்லாரும் ஒரு மூலையில் குவிந்திருக்கும் அந்த முக்கால் மணிநேரத்தில் அவற்றில் மூன்றை முடித்துவிடலாம். பெரும் எண்ணிக்கையை ஏற்றும் படகு, வண்டித்தொடர், அரங்கக் காட்சி ஆகியவற்றைக் காலையில் தொடவே வேண்டாம். அவை பகலிலும் காத்திருக்கும்.

புகழ்பெற்ற சவாரியை விட்டுவிட மனமில்லாதவர்களுக்கு இன்னொரு நேரம் இருக்கிறது. டிஸ்னி பூங்காக்கள் உட்படப் பல இடங்களில், மூடும் நேரத்துக்கு முன்பு வரிசைக்குள் வந்துவிட்டவரை ஏற்றிவிட்டே அனுப்புவார்கள். கடைசி பத்து நிமிடத்தில் போய் நின்றால் போதும். சவாரி பழுதாகி நின்றுவிட்டால் மட்டும் ஏமாற்றம்தான். அந்த ஆபத்து உண்டு.

முதல் சவாரியோடு இரண்டாவதையும் மூன்றாவதையும் வரைபடத்தில் குறித்து, அவை ஒரே பகுதியில் அடுத்தடுத்து இருக்கும்படி பாருங்கள். முதலாவது அன்று காலை திறக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். 'இன்னும் சிறிது நேரத்தில் திறக்கும்' என்று ஊழியர் சொல்வது பொய்யில்லை, அவருக்கும் தெரியாது என்பதே அதன் பொருள். பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்காமல் நகர்ந்துவிடுங்கள்.

6. புறப்படும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மக்களை உள்ளே விடும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 45 நிமிடம் முன்பு சுழல்வாயில் வரிசையில் நின்றாக வேண்டும். விடுமுறை நாளென்றால் 60 முதல் 75 நிமிடம். அதற்கு முன்னால் சோதனைக்கு 15 நிமிடம். அதற்கும் முன்னால் வாகன நிறுத்தத்திலிருந்து வாயில்வரை நடப்பதற்கோ, உள்ளூர் ரயிலிலோ படகிலோ வருவதற்கோ 20 நிமிடம். பெரிய பூங்காக்களின் நிறுத்தத்துக்கும் வாயிலுக்கும் இடையே இருக்கும் தூரத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை, நானும் எடுக்கவில்லை. பொதுப்போக்குவரத்தில் வருவதானால் முதல் வண்டி எப்போது என்று பாருங்கள். முதல் வண்டியே வாயில் திறந்தபின்தான் வரும் என்றால், அன்று ஒரு வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணம் முன்னுரிமைச் சீட்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். நிறுத்தக் கட்டணத்தை இணையத்தில் முன்பே கட்டும் வசதி இருந்தால் கட்டிவிடுங்கள்.

ஆனால் மூன்று மணிநேரம் முன்பே போய்க் கிடப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வரிசையில் ஒரு மணிநேரத்தை மிச்சப்படுத்த வரிசையிலேயே மூன்று மணிநேரம் நிற்பதில் என்ன கணக்கு இருக்கிறது?

7. சோதனையையும் சுழல்வாயிலையும் கடந்து செல்லுங்கள்

பல இடங்களில் பை இல்லாதவருக்குத் தனி வழி உண்டு. குழுவில் ஒரே ஒரு பை போதும் என்று வைத்துக்கொண்டு, அதை ஒருவர் மட்டும் எடுத்துப்போக மற்றவர்கள் பையில்லா வழியில் போகலாம். நடந்தபடியே கடக்கும் சோதனைக் கருவி உள்ள இடத்தில் குடை, மூக்குக்கண்ணாடிப் பெட்டி, உலோகத் தண்ணீர்க் குப்பி ஆகியவைதாம் அடிக்கடி ஒலியெழுப்பி உங்களைத் தனி மேசைக்கு அனுப்புகின்றன. அவற்றைப் பையிலிருந்து எடுத்துக் கையில் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடங்கள். கண்ணாடிக் குப்பி, செல்ஃபி குச்சி, முக்காலி போன்றவை பல பூங்காக்களில் தடைசெய்யப்பட்டவை. பட்டியலை முந்தைய இரவே பார்த்துவிட்டால் திரும்ப நிறுத்தத்துக்கு நடக்க வேண்டியிராது.

கழிப்பறைக்குச் சோதனைக்கு முன்பே போய்வந்துவிடுங்கள். காலை உணவைச் சுழல்வாயில் வரிசையில் நின்றே முடித்துவிடலாம்.

சுழல்வாயில்களில் எந்த வரிசை வேகமானது என்று பார்க்கத் தலைகளை எண்ணாதீர்கள், குழுக்களை எண்ணுங்கள். எல்லாச் சீட்டையும் ஒருவரே வைத்திருக்கும் ஆறு பேர் குழு, ஆளுக்கொரு கைப்பேசியைத் துழாவும் மூன்று இணையரைவிட விரைவாகக் கடந்துவிடும். வரிசையின் முன்னால் உள்ள கருவியில் விளக்கு எரிகிறதா, ஊழியர் நிற்கிறாரா என்றும் பாருங்கள். ஆளில்லாத வாயிலின் முன் நிற்கும் கூட்டம் கடைசி நிமிடத்தில் பக்கத்து வரிசையோடு முட்டிமோதி இணைய வேண்டிவரும். விரல்ரேகையோ முகப்படமோ எடுக்கும் பூங்காவில் குழந்தைகளைக் கையில் சீட்டோடு முன்னே விட்டு, பெரியவர் பின்னே நில்லுங்கள். வரிசை அசையத் தொடங்கும்போது கைப்பேசியின் திரை வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, குறியீட்டைத் திறந்தே வைத்திருங்கள்.

8. கயிற்றின் முன்னால்

நெரிசலின் ஆபத்தான இடம் இதுதான். கயிறு விலகும்போது ஊழியர்கள் முன்னால் நடந்து கூட்டத்தை மெதுவாக அழைத்துப்போவார்கள். அவர்களைத் தாண்டி ஓடுபவரைப் பின்னுக்கு அனுப்பும் பூங்காக்கள் உண்டு. ஓடினால் மிஞ்சுவது சில வினாடிகள். ஆனால் தடுக்கி விழுபவர்மேல் விழுவது பின்னால் வரும் நூறு பேர்.

தள்ளுவண்டியோடு வருபவர்கள் ஓரமாகவே நில்லுங்கள். நடுவில் நின்றால் முன்னிருப்பவரின் குதிகாலில் இடிப்பதும், பின்னிருப்பவர் உங்கள்மேல் சாய்வதும் தவிர்க்க இயலாது. சிறு குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள் அல்லது உங்களுக்கும் சுவருக்கும் இடையே நிறுத்துங்கள். தொடர்பு எண்ணைக் குழந்தையின் கையில் எழுதி, தொலைந்தால் எந்தச் சீருடை அணிந்தவரிடம் போக வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள். பெரியவர்கள் பிரிந்தால் கூடும் இடத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள். எளிதில் அடையாளம் தெரியும் சிலை எல்லாருக்கும் நினைவிருக்கும் என்றாலும், அங்கே எல்லாக் குடும்பங்களும் கூடும் என்பதால் அதற்குப் பக்கத்துக் கடை வாசல் நல்லது.

ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேருக்கு மேல் நெருங்கினால் கூட்டம் தனித்தனி மனிதர்களாக இயங்குவதை விட்டு நீரைப் போல அலையத் தொடங்கும். உங்கள் தோளும் முதுகும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஆட்களால் அழுத்தப்படுகிறது, விரும்பிய திசையில் அடியெடுத்து வைக்க முடியவில்லை என்றால் அந்த நிலை நெருங்கிவிட்டது என்று பொருள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். இரு கைகளையும் மார்புக்கு முன்னே மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது தணியும் இடைவெளிகளில் குறுக்குச் சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். இடம் பறிபோவதைப் பற்றி அந்த நேரத்தில் கவலைப்பட வேண்டாம்.

9. முதல் தொண்ணூறு நிமிடம்

காலையில் சாதாரண வரிசை விரைவாக நகர்வதற்குக் கூட்டம் குறைவு என்பது மட்டும் காரணமன்று. முன்னுரிமைச் சீட்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அப்போது வந்திருக்கமாட்டார்கள். இரு வரிசைகளும் கலக்கும் இடத்தில் நிற்கும் ஊழியர், பிற்பகலில் இருக்கைகளில் பெரும்பங்கை முன்னுரிமை வரிசைக்குக் கொடுத்துவிடுவார். மணிக்கு 960 பேரை ஏற்றும் சவாரியில் பாதி அப்படிப் போனால் உங்களுக்கு மிஞ்சுவது 480. காலையிலோ ஏறத்தாழ முழுதும் உங்களுக்கே. ஆகையால் இந்த நேரத்தில் கடைக்குள் நுழைவது, படம் எடுத்துக்கொண்டு நிற்பது, காபிக்கு வரிசையில் நிற்பது ஆகிய மூன்றையும் தள்ளிப்போடுங்கள்.

வாசலில் மின்பலகை காட்டும் காத்திருப்பு நேரத்தைக் காலையில் நம்ப வேண்டாம். சில பூங்காக்களில் வரிசைக்குள் நுழையும் ஒருவரிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, அவர் ஏறும் இடத்தில் அதைத் திருப்பித் தரும்போது இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே பலகையில் தெரிவது, ஏற்கெனவே ஏறிவிட்ட ஒருவர் காத்திருந்த நேரம். கூட்டம் ஏறுமுகமாக இருக்கும் காலையில் '10 நிமிடம்' என்பது அரை மணியாக முடியலாம். இறங்குமுகமாக இருக்கும் மாலையில் '60 நிமிடம்' என்பது நாற்பதாகச் சுருங்கலாம். வரிசை கட்டடத்துக்கு வெளியே எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்து, வெளியேறும் வழியில் நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்பது பலகையைவிட நம்பத்தக்கது.

தனியாள் வரிசை உள்ள சவாரிகளில், பிரிந்து உட்காரச் சம்மதமென்றால், மூன்றில் ஒரு பங்கு நேரத்தில்கூட ஏறிவிடலாம். காலியாக மிஞ்சும் ஒற்றை இருக்கைகளை நிரப்பவே அது இருக்கிறது. ஆனால் வாயில் திறந்தவுடன் பெரும்பாலும் அந்த வழி மூடியே இருக்கும். நண்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பை, தொப்பி, கைப்பேசி எதையும் ஏற்றாத சவாரிகளில் லாக்கர் கட்டாயம். அது இலவசமா, எத்தனை நிமிடத்துக்கு இலவசம் என்று பார்த்துவிட்டு வரிசைக்குள் போங்கள், வரிசை நீண்டால் அந்த இலவச நேரம் கடந்து கட்டணம் விழும் இடங்களும் உள்ளன.

பதினொரு மணியளவில் எல்லா வரிசைகளும் ஒன்றாக வீங்கத் தொடங்குவதைக் காண்பீர்கள். அப்போது மதிய உணவை மற்றவர்களுக்கு முன்பே முடித்துவிட்டு, காலையில் ஒதுக்கி வைத்த படகுக்கும் அரங்கக் காட்சிக்கும் போங்கள். குழந்தை தூங்க வேண்டுமென்றால் அதற்கும் அதுவே நேரம். வெளியே போய்த் திரும்புவதாக இருந்தால், மறுநுழைவுக்குக் கையில் முத்திரை வாங்க வேண்டுமா என்று வாயிலில் கேட்டுவிட்டு வெளியேறுங்கள்.